பவளப்பாறைக் கணக்கெடுப்பு: உங்கள் எண்கள் பிற நாட்டு எண்களோடு சேர வேண்டுமானால்

2009-க்கும் 2018-க்கும் இடையே உலகம் தன் உயிருள்ள பவளத்தில் சுமார் 14 சதவீதத்தை இழந்தது. 73 நாடுகளில், 12,000-க்கும் மேற்பட்ட இடங்களில், தண்ணீருக்குள் இறங்கி எண்ணியவர்களின் ஏறக்குறைய 20 லட்சம் பதிவுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்ததால்தான் இந்த எண் கிடைத்தது. தொகுத்தது உலகப் பவளப்பாறைக் கண்காணிப்பு வலையமைப்பு. 1994-ல் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜப்பான், ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், சுவீடன், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகள் தொடங்கிய சர்வதேசப் பவளப்பாறை முன்முயற்சியின் கீழ் இயங்குவது அது.

நாடுகளுக்கு இடையிலான ஒத்துழைப்பு மாநாட்டு அரங்கில் அறிவிக்கப்படலாம். ஆனால் அது நிற்பது இந்தப் பதிவுகளின் மேல். ஒரு கடலில் எடுத்த எண்ணை இன்னொரு கடலில் எடுத்த எண்ணோடு ஒப்பிட முடியாவிட்டால், இரண்டும் வீண். நல்ல மனதோடும் பெரும் உழைப்போடும் எடுக்கப்பட்ட கணக்குகள் பல, முறை மாறியதால், அல்லது தேதி எழுதிய விதம் புரியாததால், உலகத் தொகுப்பில் சேராமல் அலமாரியில் கிடக்கின்றன. டைவிங் குழு, கல்லூரித் துறை, மீனவர் கூட்டமைப்பு, கடற்பூங்கா ஊழியர்கள் என யார் கணக்கெடுத்தாலும் அந்த நிலை வராமல் இருக்கச் செய்ய வேண்டியவை கீழே.

புதிய முறை கண்டுபிடிக்காதீர்கள்

உங்கள் பகுதியில் ஏற்கெனவே யார் எந்த முறையில் எடுக்கிறார்கள் என்று விசாரிப்பதுதான் முதல் வேலை. உலக வலையமைப்பு பத்து வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது: கரீபியன், பிரேசில், கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக், பசிபிக், ஆஸ்திரேலியா, கிழக்காசியக் கடல்கள், தெற்காசியா, மேற்கு இந்தியப் பெருங்கடல், செங்கடலும் ஏடன் வளைகுடாவும், பாரசீக வளைகுடா சார்ந்த கடற்பகுதி. வட்டார ஒருங்கிணைப்பாளருக்கு ஓர் அஞ்சல் அனுப்பி, எந்த முறை, எந்த ஆழம், எந்த மாதம் என்று கேட்டுவிடுங்கள். அங்கே பத்து வருடமாக ஒரு முறை ஓடிக்கொண்டிருந்தால், அதைவிடச் சிறந்த முறை உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் பழைய முறையையே எடுங்கள். முறை மாறிய வருடத்தில் பவளம் குறைந்ததா, எண்ணும் விதம் மாறியதா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஒரு பருவமாவது இரண்டு முறைகளையும் ஒரே கோட்டில், அதாவது டேப் விரித்து எண்ணும் அதே பாதையில், சேர்த்து எடுங்கள்.

எந்த முறையும் ஊன்றியிராத இடத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ரீஃப் செக் முறை நல்லது. 1997 முதல் பல நாடுகளில் தன்னார்வலர்கள் பயன்படுத்தி வருவது. இனங்களின் பெயர் தெரியாதவர்களும் சில நாள் பயிற்சியில் பிழையில்லாமல் செய்யலாம். இனி வரும் விவரம் பெரும்பாலும் அதை ஒட்டியது.

இடத்தைத் தேர்வது

இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். எல்லோரும் போகும் இடம் அழகான பாறை. தண்ணீர் தெளிவு, மீன் நிறைய, படம் நன்றாக வரும். அந்த இடங்களை மட்டுமே எடுத்தால், ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் பாறை இனி இறங்கத்தான் முடியும். மேலே போக இடமில்லை. பத்து வருடம் கழித்து உங்கள் வரைபடம் சரிவைக் காட்டும், அதில் எவ்வளவு உண்மைச் சரிவு, எவ்வளவு தேர்வின் கோளாறு என்று தெரியாது.

பாறைப் பகுதியின் வரைபடத்தை எடுத்து, காற்று அடிக்கும் பக்கம், மறைவான பக்கம், மீன்பிடி உள்ள பகுதி, தடை உள்ள பகுதி என்று பிரியுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் எண்களைக் குலுக்கிப் போட்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். சிதைந்த இடமும் வரும். அதையும் எடுக்க வேண்டும். பாறை மீள்கிறதா என்று அங்குதான் முதலில் தெரியும். பத்து இடங்களை ஒருமுறை எடுத்துவிட்டுப் போவதைவிட, நான்கு இடங்களை வருடம் தவறாமல் எடுப்பது எங்கள் பார்வையில் பல மடங்கு பயனுள்ளது. படகுக்கும் ஆளுக்கும் எவ்வளவு கைகூடும் என்று நேர்மையாகக் கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கோட்டின் தொடக்கத்தைக் குறிக்க, எடையோடு கட்டிய மிதவையை நேர் மேலே இழுத்து நிறுத்தி, கயிறு தளராமல் இருக்கும்போது அதன் பக்கத்தில் ஜிபிஎஸ் எடுங்கள். படகு நிற்கும் இடத்தில் எடுத்தால் நீரோட்டத்தில் பல மீட்டர் தள்ளிப்போயிருக்கும். அனுமதி இருந்தால், செத்த பாறையில் துருப்பிடிக்காத முளை அடித்து வைப்பது நல்லது. உயிருள்ள பவளத்தில் எதையும் அடிக்கவோ கட்டவோ கூடாது. நங்கூரமும் மணலில்தான்.

கோட்டை விரிப்பதும் எண்ணுவதும்

தேவையானவை: 100 மீட்டர் டேப், ஒரு மீட்டர் நூலில் கட்டிய சிறு தூக்குக் குண்டு, நீர் புகாத தாள் ஒட்டிய சிலேட், நூலில் கட்டிய இரண்டு பென்சில்கள், ஆழமானி, கேமரா. தூக்குக் குண்டுக்குத் துருப்பிடிக்காத ஒரு நட்டு போதும்.

ஒரே ஆழத்தில், பாறையின் வளைவை ஒட்டி டேப்பை விரியுங்கள். ரீஃப் செக் முறையில் இரண்டு ஆழங்கள் உண்டு: 2 முதல் 6 மீட்டர், 6 முதல் 12 மீட்டர். ஆழத்துக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் 20 மீட்டர் நீளத் துண்டுகள் நான்கு, இடையில் 5 மீட்டர் இடைவெளி. அதாவது 0–20, 25–45, 50–70, 75–95. இடைவெளி விடுவது, நான்கு துண்டுகளும் தனித்தனி மாதிரிகளாக நிற்க வேண்டும் என்பதற்காக. நேரம் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடாதீர்கள்.

டேப்பை விரித்த பிறகு சுமார் 15 நிமிடம் விலகி நில்லுங்கள். விரிக்கும் சலசலப்பில் மீன்கள் ஒதுங்கியிருக்கும். பிறகு முதலில் போவது மீன் எண்ணுபவர். கோட்டின் இருபுறமும் 2.5 மீட்டர், மேலே 5 மீட்டர், இந்தப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். 5 மீட்டருக்கு ஒருமுறை நின்று, ஒளிந்தவை வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன், கிளி மீன், களவா போன்ற குறியீட்டு இனங்கள் மட்டும்தான் பட்டியலில் இருக்கும். இந்தோ-பசிபிக் பகுதியில் களவா 30 சென்டிமீட்டருக்கு மேல், கிளி மீன் 20 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் கணக்கு. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால், சிலேட்டின் ஓரத்தில் அளவுகோல் வரைந்து, முதல் நாள் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை வைத்து அளவை மதிப்பிடப் பழகுங்கள். அடுத்தவர் அதே 5 மீட்டர் அகலத்தில் கடல் முள்ளெலி, இராட்சதச் சிப்பி, கடல் அட்டை, சிங்கி இறால், முள்முடி நட்சத்திர மீன் ஆகியவற்றை இடுக்குகளிலும் தேடி எண்ணுவார்.

கடைசியாகத் தரை. 0.5 மீட்டருக்கு ஒரு புள்ளி, துண்டுக்கு 40 புள்ளிகள், கோட்டுக்கு 160. ஒவ்வொரு புள்ளியிலும் தூக்குக் குண்டை டேப்பின் ஓரத்திலிருந்து விடுங்கள். அது எதைத் தொடுகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். டேப் பெரும்பாலும் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். குண்டு இல்லாமல் கண்ணால் பார்த்து எழுதினால், தலையைச் சற்றே சாய்க்க, மணலுக்குப் பதில் பக்கத்துப் பவளம் புள்ளிக்குள் வந்துவிடும். ஒரு துண்டில் ஒரு புள்ளி 2.5 சதவீதம். நான்கு முறை இப்படி நழுவினால் 10 சதவீதப் பவளம் காற்றில் முளைத்துவிடும்.

எழுத வேண்டிய வகைகள் பத்து: கடினப் பவளம், மென்பவளம், அண்மையில் செத்த பவளம், ஊட்டச்சத்து மிகுதியைக் காட்டும் பாசி, கடற்பஞ்சு, பாறை, உடைந்த துண்டுகள், மணல், வண்டல், மற்றவை. குழப்பம் வரும் இடங்கள் இவை. குட்டைப் பாசி படர்ந்த பழைய செத்த பவளத்தைப் பாசி என்று எழுதுவார்கள், அது பாறை. உடைந்த துண்டு என்பது அரை சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டர் வரை. அதற்கு மேல் பாறை, கீழே மணல். கையால் கிளறிவிட்டால் உடனே படிவது மணல், புகைபோல் நீரில் மிதந்து நிற்பது வண்டல். வெளிறிய பவளம் உயிரோடுதான் இருக்கிறது, அதனால் அது கடினப் பவளம். வெளிறியதைத் தனிப் பத்தியில் குறிக்க வேண்டும்.

கோட்டின் ஒவ்வொரு மீட்டரிலும், ஒரே உயரத்திலிருந்து நேர் கீழ்நோக்கி ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு நாட்டில் ஒருவருக்கு உங்கள் வகைப்பாட்டில் சந்தேகம் வந்தால், படத்தைத் திறந்து மறுபடி எண்ணலாம். கோரல்நெட் போன்ற தளங்கள் படத்தில் புள்ளிகளைத் தூவி, அடையாளம் காண்பதில் பெருமளவு தானே உதவுகின்றன.

பருவம் தொடங்கும் முன், எண்ணப்போகும் எல்லோரும் ஒரே துண்டை ஒருவர் பின் ஒருவராக எண்ணி, கரையில் ஒப்பிடுங்கள். கடினப் பவளத்தில் இருவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கணக்கெடுப்பைத் தள்ளிவைத்துவிட்டு மறுபயிற்சி எடுங்கள். அந்த ஒப்பீட்டு எண்களையும் கோப்பில் சேர்த்து வைத்தால், தொகுப்பவர்களுக்கு உங்கள் பதிவின் மேல் நம்பிக்கை கூடும்.

வெளுப்பைப் பார்த்ததும் வெளிறல் என்று எழுதாதீர்கள்

நீர் சூடேறும்போது பவள உயிரி, தன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றுகிறது. நிறமும், உணவின் பெரும்பங்கும் அந்தப் பாசியிலிருந்தே வந்தவை. திசு கண்ணாடிபோல் ஆகி, உள்ளிருக்கும் சுண்ணாம்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. இதுதான் வெளிறல். வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும்.

வெள்ளையாகத் தெரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரு சாண் தூரத்துக்குப் போய், தொடாமல் பாருங்கள். வெளிறிய பவளத்தின் மேல் ஈரமான மெல்லிய படலம் மின்னும். குழிகளில் நிறமற்ற உணர்கொம்புகள் லேசாக அசைவதைப் பார்க்கலாம். செத்ததில் படலம் இருக்காது, குழிகளின் விளிம்பு கத்திபோல் கூராகத் தெரியும். சில நாள் கழிந்திருந்தால் பழுப்பாகவோ பச்சையாகவோ பாசி ஏறத் தொடங்கியிருக்கும். வட்டமான, ஓரம் தெளிவாக வெட்டிய வெள்ளைத் திட்டு என்றால் அக்கம்பக்கத்து நிழலில் முள்முடி நட்சத்திர மீனைத் தேடுங்கள். கிளைகளின் அடியில் சிறு நத்தைகள் கூட்டமாக ஒட்டியிருந்தால் அது துருபெல்லா என்ற அந்த நத்தை தின்ற தடம். வெள்ளைப் பட்டை ஒன்று உயிருள்ள பகுதியை நோக்கி நகர்ந்துகொண்டே போனால் நோயாக இருக்கலாம்; அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, சில நாளில் அதே பவளத்துக்குத் திரும்புங்கள். மான்கொம்புப் பவளத்தின் வளரும் நுனி எப்போதுமே வெள்ளைதான்.

நிறத்தை எழுத, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் அட்டை பல நாடுகளில் புழங்குகிறது. 1 முதல் 6 வரை மதிப்பெண், 6 அடர்நிறம். ஒரு பவளத்தின் மிக வெளிறிய இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஓர் இடத்தில் குறைந்தது 20 பவளங்கள் பாருங்கள். அடுத்த முறை மதிப்பெண் 2 இறங்கியிருந்தால் பாசி கணிசமாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். பழைய அட்டை வெயிலிலும் உப்பிலும் நிறம் மங்கும். மங்கியதைத் தூக்கிப்போட்டுப் புதியதை எடுங்கள்.

வெப்பம் உச்சத்தில் இருக்கும்போது ஒருமுறை, நான்கைந்து மாதம் கழித்து ஒருமுறை என இரண்டு தடவை எடுத்தால்தான் முழுமை. முதல் முறை எத்தனை வெளிறின என்று சொல்லும், எத்தனை செத்தன என்பது இரண்டாவதில்தான் தெரியும். 80 சதவீதம் வெளிறிய இடத்தில் 80 சதவீதமும் செத்துவிட்டதாக எழுதிய அறிக்கைகள், பின்னால் அந்த வட்டாரத்தின் எல்லாத் தரவுகளின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பும்.

எப்போது இறங்க வேண்டும் என்று செயற்கைக்கோள் சொல்லும்

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா நடத்தும் கோரல் ரீஃப் வாட்ச், செயற்கைக்கோள் மூலம் 5 கிலோமீட்டர் கட்டங்களில் கடல்மேற்பரப்பு வெப்பநிலையை நாள்தோறும், எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி தருகிறது. அதில் பார்க்க வேண்டியது வெப்ப வாரம் என்ற எண்.

மிகச் சூடான மாதத்தின் நீண்டகாலச் சராசரி 29.2 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் 30.0 என்றால் 0.8 கூடுதல், 1 டிகிரிக்குக் கீழ் என்பதால் கணக்கில் வராது. அடுத்த வாரம் 30.4, பிறகு இரண்டு வாரம் 30.7. முறையே 1.2, 1.5, 1.5. கூட்டினால் 4.2 வெப்ப வாரம். கடந்த 12 வாரங்களின் கூட்டுத்தொகை இது. 4-ஐத் தாண்டினால் குறிப்பிடத்தக்க வெளிறலை எதிர்பார்க்கலாம். 8-ஐத் தாண்டினால் கடும் வெளிறலும் சாவும். இரண்டாம் நிலையோடு நின்றிருந்த கோரல் ரீஃப் வாட்சின் எச்சரிக்கை வரிசையை 2023 இறுதியில் ஐந்தாம் நிலை வரை நீட்ட வேண்டிவந்தது; ஐந்தாவது 20 வெப்ப வாரத்துக்கு மேல். உலகம் முழுவதும் நான்காவது வெளிறல் நடக்கிறது என்று நோவாவும் சர்வதேசப் பவளப்பாறை முன்முயற்சியும் 2024 ஏப்ரல் 15 அன்று அறிவித்தன. வெவ்வேறு பெருங்கடல்களிலிருந்து நேரில் பார்த்த பதிவுகள் வந்ததால்தான் அதை உறுதியாகச் சொல்ல முடிந்தது. வெப்பத்தைச் செயற்கைக்கோள் காட்டும். வெளிறியதா என்று யாராவது இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

வெப்ப வாரம் 4-ஐ நெருங்கும்போதே படகு, ஆள், அனுமதி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வெளிறாத பாறையையும் எழுதி அனுப்புங்கள். எதுவும் நடக்கவில்லை என்ற பதிவு மிக அரிதாகத்தான் வருகிறது. எந்தப் பவளம் வெப்பத்தைத் தாங்குகிறது என்று கண்டுபிடிக்க அதுதான் தேவை.

செயற்கைக்கோள் பார்ப்பது மேற்பரப்பை மட்டும். ஆகவே பாறையின் ஆழத்தில் வெப்பப் பதிவுக்கருவி ஒன்றை, வெயில் நேரடியாகப் படாத அடிப்பக்கத்தில், இரண்டு இடத்தில் கட்டி வையுங்கள். அரைமணிக்கு ஒரு பதிவு போதும். போடும் முன்பும் எடுத்த பின்பும், பொடித்த பனிக்கட்டியும் நன்னீரும் கலந்த பாத்திரத்தில் அரைமணி வைத்து, 0 டிகிரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் கெட்டுப்போகும் கணக்கு

தண்ணீருக்குள் சரியாக எடுத்தது கணினியில் கெடுவது சாதாரணமாக நடக்கிறது. தேதியை 2025-04-03 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. வெப்பம் ஏறும் பருவத்தில் ஒரு மாத வித்தியாசம் முடிவையே மாற்றும். இருப்பிடத்தை தசம டிகிரியில், ஐந்து தசம இடங்களோடு, டபிள்யூஜிஎஸ்84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் இருப்பிட அளவீட்டு முறை) என்று குறிப்பிட்டு எழுதுங்கள். 9 டிகிரி 15 நிமிடம் என்பது 9.25. அதை 9.15 என்று எழுதினால் 11 கிலோமீட்டர் தள்ளி, சில சமயம் நிலத்தின் மேல், உங்கள் பாறை போய் உட்காரும்.

தேடியும் காணாததற்கு 0 போடுங்கள். தேடாததை வெற்றாக விடுங்கள். இரண்டையும் கலந்தால், முள்முடி நட்சத்திர மீன் இல்லாத பாறையும், யாரும் தேடாத பாறையும் ஒன்றாகிவிடும். சராசரியை மட்டும் அனுப்பாமல், துண்டுவாரியாக மூலப் பதிவையே அனுப்புங்கள். ஊர்ப் பெயர்களைச் சேர்த்து வைக்கலாம், ஆனால் பவளத்துக்கு அக்ரோபோரா, போரைட்டஸ் போன்ற பேரினப் பெயர் அவசியம். கரைக்கு வந்த அன்றே தட்டச்சு செய்து, எழுதியவர் பக்கத்தில் இருக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். மெர்மெய்டு என்ற இலவசத் தளம் இணையம் இல்லாத இடத்திலும் ஓடும், பொருந்தாத எண்ணைக் கண்டால் எச்சரிக்கும், எந்த அளவுக்குப் பகிர்வது என்பதையும் உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லும்.

அனுமதியும் உரிமையும்

வெளிநாட்டுக் குழு சேரப்போகிறது என்றால் அனுமதி வேலையை வெகு முன்பே தொடங்குங்கள். கடல் சட்டம் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின்படி, இன்னொரு நாட்டின் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்நாட்டுக்கு உரிமை உள்ள கடற்பகுதியில்) ஆராய்ச்சி செய்ய விரும்புபவர், குறைந்தது ஆறு மாதம் முன்பே முழு விவரத்தைத் தந்து ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் கரையோர நாட்டுக்கு ஆராய்ச்சியில் பங்கேற்கவும், தரவையும் மாதிரிகளையும் பெறவும் உரிமை உண்டு. இதை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். தரவை எடுத்துக்கொண்டு போய்விட்டு அறிக்கை மட்டும் அனுப்பும் குழுவை அடுத்த முறை எந்தக் கரையும் வரவேற்காது.

கடினப் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளன. செத்த துண்டும், மதுசாரத்தில் இட்ட சிறு மாதிரியும் அதில் அடங்கும். ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை கடந்தால் சுங்கத்தில் பறிமுதல் ஆகும். மரபணு ஆய்வு என்றால் 2014-ல் நடைமுறைக்கு வந்த, மரபணு வளங்களின் பயனைப் பகிர்வது பற்றிய நகோயா நெறிமுறையும் பொருந்தும். படம் போதுமான கேள்விக்கு மாதிரி வெட்டாதீர்கள்.

சேரும் குழுக்கள் ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதிக்கொள்ளுங்கள்: மூலத் தரவு யாரிடம் இருக்கும், எப்போது பொதுவில் வரும், கட்டுரையில் யார் பெயர்கள் இடம்பெறும், படகோட்டி உட்பட களத்தில் உழைத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்லப்படும். இராட்சதச் சிப்பியும் கடல் அட்டையும் செறிந்த இடங்களின் துல்லிய இருப்பிடத்தைப் பொதுக் கோப்பில் போடாமல், ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் கொடுங்கள். திருட்டுப் பிடிப்புக்காரர்களும் இணையத்தைப் படிக்கிறார்கள்.

ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது உங்கள் கருவியிலும் நோய் பயணிக்கக்கூடும். 2014-ல் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்ட, திசுவை அழிக்கும் நோய் கரீபியனில் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நோய் தெரிந்த இடத்தை நாளின் கடைசியில் வையுங்கள். மூழ்குடை, துடுப்பு, டேப் எல்லாவற்றையும் கரையில் கிருமிநீக்கி, நன்னீரில் அலசி, முழுக்கக் காயவிடுங்கள். அந்தக் கழுவுநீரைக் கடலில் ஊற்றக் கூடாது.

கோப்பை ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிய பிறகு, உங்கள் நாட்டில் பல்லுயிர் உடன்படிக்கைக்கான தேசிய அறிக்கை தயாரிக்கும் துறைக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று 2022 டிசம்பரில் நாடுகள் ஒப்புக்கொண்டன. எந்தப் பாறை அதற்குள் வர வேண்டும் என்று பேசும் அறையில் உங்கள் எண்களும் இருக்க வேண்டும். சில வாரத்தில், ஒரு துண்டின் எண்ணிக்கை 40-க்குப் பதில் 39 வருகிறது என்று கேட்டு எங்கிருந்தாவது ஓர் அஞ்சல் வரும். மூலத் தாளை எடுத்துப் பார்த்துப் பதில் எழுதுங்கள். தாள்களை அதுவரை தூக்கிப்போடாமல் இருக்க வேண்டும்.